பூஜைக்கு வைத்த லேப்டாப்

என் அக்காவின் கணவர் பட்டாபிராமனுக்கு எதையும் அறிவிக்காமல் செய்ய வராது. குளிக்கப் போகிற மனிதன் துண்டை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே? அவர் கூடத்தில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்து நீங்கள் எதிர்பார்ப்பது ஸ்நானம்" என்பார். இலையில் உட்கார்ந்தால், "இன்றைய சமையலில் முதலாவதாக முருங்கைக்காய் சாம்பார்" என்பார். திருவனந்தபுரத்தில் வலியசாலைத் தெருவில் அவர் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரும் பாதி நாள் அவர் பக்கம்தான்; அவர் குரலை அப்படியே என் வீட்டுக்குள் விட்டுவிடும்.

ரேடியோ அறிவிப்பாளர் ஆக வேண்டும் என்பது அத்திம்பேரின் சிறு வயது ஆசை. ஆனது தண்ணீர் இலாகாவில் குமாஸ்தா. குரல் வீணாகிறதே என்று வருத்தப்பட்டு, கல்யாணமான புதிதில் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினார். பஹ்ரைனிலிருந்து வந்த யாரோ விற்றது. அறிவிப்பதென்றால் அறிவிக்க ஏதாவது வேண்டுமே. அதற்கு அக்கா இருந்தாள்.

அக்கா பகவதிக்கு அப்போது இருந்த குரலைப் பற்றி நான் சொன்னால் தம்பி சொல்கிறான் என்பீர்கள். எதிர் வீட்டில் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். கச்சேரி கிச்சேரி கிடையாது. தெருவில் நடக்கிற கல்யாணங்களில் ஊஞ்சலுக்கும் நலங்குக்கும் அவள்தான் பாடுவாள். அவள் பாடி ஊஞ்சலாடாத பெண் அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் இல்லை. அத்திம்பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளைக் கூடத்தில் உட்காரவைத்துப் பாடச் சொல்லி கேசட்டில் பதிவார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவருடைய அறிவிப்பு இருக்கும். "வலியசாலையிலிருந்து பேசுவது பட்டாபிராமன். இப்பொழுது பாட இருப்பவர் திருமதி பகவதி பட்டாபிராமன்" என்று ஆரம்பித்தால் சில சமயம் அறிவிப்பு பாட்டைவிட நீளமாகிவிடும்.

பிறகு அக்காவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. கட்டி போயிற்று, அக்கா பிழைத்தாள், குரல் மட்டும் திரும்பி வரவில்லை. இப்போது அவள் பேசினால் வெறும் காற்று. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் புரியும். சமையலறையிலிருந்து கூடத்துக்கு எட்டாது. யாரையாவது கூப்பிட வேண்டுமானால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் அத்திம்பேர், இரண்டு தட்டு என்றால் நான். சுவர் மெல்லிசு என்பதால் எனக்கும் கேட்டுவிடும்.

அவர்களுக்கு ஒரே பெண், ஆர்ஷா. வேதத்தில் வருகிற வார்த்தை என்று அத்திம்பேர் தேடிப் பிடித்து வைத்த பெயர். அவள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். அவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமானபோது, என்ன வேண்டும், சொல்லு என்று அத்திம்பேர் கேட்டார். ஆர்ஷா யோசிக்கவே இல்லை.

"ரிசப்ஷன் வேண்டாம்ப்பா. புடவையெல்லாம் அம்மா இஷ்டம். ஊஞ்சல்ல மாத்திரம் அம்மா பாடணும். அந்தக் கேசட்டெல்லாம் இருக்கோல்லியோ, அதைப் போட்டாப் போறும்."

"அதுக்கென்ன, ஆயிக்கோட்டே. நான் பொறுப்பு" என்றார் அத்திம்பேர். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

அத்திம்பேர் பொறுப்பு ஏற்றுக்கொண்டால் பிறகு ஓட வேண்டியவன் நான். ஆர்ஷா தன்னுடைய பழைய லேப்டாப்பை அவருக்குக் கொடுத்திருந்தாள். அரிசி மூட்டை மாதிரி கனம்; பேட்டரி செத்துப்போய், சுவரில் பிளக் செருகினால்தான் உயிர் வரும், செருகிவிட்டால் மூடியைச் சாத்தினாலும் அணையாது. அதில் கேசட்டுகளை எல்லாம் ஏற்றிவிட்டால் காலத்துக்கும் அழியாது என்று யாரோ சொல்லக் கேட்டு, டேப் ரிக்கார்டருக்கும் லேப்டாப்புக்கும் ஒரு ஒயரைப் போட்டு, ஆடி மாதம் முழுக்க ஏற்றினார். கேசட்டை ஓடவிட்டு அதன் அறிவிப்பை மட்டும் ரசித்துக் கேட்பார். பாட்டு ஆரம்பித்ததும் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அங்கே அக்கா வடாம் உலர்த்தியிருப்பாள், காக்காய் ஓட்ட வேண்டும்.

காக்காய் ஓட்டி அலுத்துப்போய்த்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. லேப்டாப்பில் ஏற்றியாகிவிட்டது, இனி கேசட் எதற்கு? உள்ளே இருந்த நாடாவை எல்லாம் உருவி மொட்டைமாடியில் குறுக்கும் நெடுக்கும் கட்டினார். காற்றில் அது பளபளவென்று ஆடியதும் காக்காய் கிட்டவே வரவில்லை. என் மாடியிலிருந்து இதைப் பார்த்த எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அத்திம்பேர், அது அக்காவோட பாட்டில்லையோ?"

"பாட்டு கீழே லேப்டாப்பில பத்திரமா இருக்கு. இது வெறும் நாடாவாக்கும். நீ பேங்க்ல இருந்துண்டு இதுகூட மனசிலாக்காம பேசறயே."

அதன்பின் நவராத்திரி வந்தது. இந்த ஊரில் அஷ்டமி சாயங்காலம் பூஜை வைத்துவிட்டால் வைத்ததுதான். சரஸ்வதி முன்னால் வைத்த புத்தகத்தையும் தொழில் சாமான்களையும் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. வெளியே மிஞ்சியிருக்கிற புத்தகத்தையும் படிக்கக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பிரியமான பண்டிகை கிடையாது. அத்திம்பேர் பலகை போட்டுப் பஞ்சாங்கம், சுலோகப் புத்தகங்கள், ஆர்ஷாவின் பழைய பாடப்புத்தகங்கள் எல்லாவற்றையும் அடுக்கினார். லேப்டாப்பையும் வைத்தார். அது வித்தைதானே என்றார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பூஜை நேரத்தில் அக்கா பாடிய சரஸ்வதி பாட்டு ஒன்று ஒலிக்க வேண்டும் என்று அதை ஓடவிட்டு வைத்தார். பாட்டு முடிந்தது, தீபாராதனை முடிந்தது. மூடியைச் சாத்தி, மேலே சிவப்புப் பட்டைப் போர்த்தி, அதன் மேல் இன்னும் நாலு கனமான புத்தகங்களை ஏற்றி, எல்லாரும் சுண்டல் சாப்பிடப் போனோம். பிளக் சுவரிலேயே இருந்தது.

மறுநாள் நவமி, ஞாயிற்றுக்கிழமை. காலையில் காபி குடிக்க அங்கே போனவன் மூக்கை உறிஞ்சினேன்.

"அத்திம்பேர், ஏதோ தீயறது."

"ஊதுபத்தியாக்கும்."

"ஊதுபத்தி பிளாஸ்டிக் வாசனையா அடிக்கும்?"

பூஜைப் பலகையிலிருந்துதான் வந்தது. பட்டுக்கு அடியில் லேப்டாப் இராத்திரி முழுக்க உறுமிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது உறுமலும் ஒழுங்காக இல்லை, நடுநடுவே கடக் கடக் என்று ஒரு சத்தம்.

"எழுந்து அதை அணையுங்கோ" என்று கத்தினேன்.

"எப்படி அணைக்கறது? பூஜைக்கு வச்சாச்சே. நாளைக்குக் காலம்பற வரைக்கும் தொடப்பிடாது."

"அணைக்கறதுல என்ன தோஷம்?"

"நீ ஒண்ணும் தெரியாம பேசாதே. பட்டனை அமுக்கினா அது சும்மா அணையாது. நிஜமாவே அணைக்கட்டுமான்னு இங்கிலீஷ்ல எழுதிக் கேக்கும். அதைப் படிச்சுப் பதில் சொல்லணும். இன்னிக்குப் படிக்கப்பிடாது."

இந்த மனிதரிடம் என் அக்கா முப்பது வருஷம் எப்படிக் குடித்தனம் பண்ணினாள் என்று நான் அடிக்கடி வியப்பதுண்டு. அன்று அவளே வந்து காட்டினாள். சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள், நேரே சுவருக்குப் போய் பிளக்கைப் பிடுங்கினாள். என் காதருகே வந்து, "சுவத்தை யாரும் பூஜைக்கு வைக்கலையே" என்றாள்.

உறுமல் நின்றது. நான் பட்டை விலக்கி, அதன் நுனியால் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். காற்றுப் போவதற்காக லேப்டாப்பின் ஓரத்தில் இருந்த ஓட்டைகளில் ஒன்று விடாமல் அத்திம்பேர் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். தீர்த்தமும் தாராளமாகவே தெளித்திருந்தார். போதாக்குறைக்கு எழுத்துப் பொத்தான்களுக்கு நடுவே ஒரு துளசி.

"பாட்டெல்லாம் போச்சா?" என்று அக்கா உதடசைத்தாள். "போனா என்ன, கேசட் இருக்கே" என்று அவளே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். அத்திம்பேரின் முகம் வெளுத்துவிட்டது. மொட்டைமாடிப் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு அறிவிக்க ஒன்றும் இல்லாமல் போனதை நான் முதல்முதலாக அன்றுதான் கண்டேன். பாவமாகவும் இருந்தது, இரண்டு சாத்தலாம் போலவும் இருந்தது.

பாவத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி, கை படாமல் பட்டோடு சேர்த்து லேப்டாப்பைத் தூக்கினேன். வாசலில் அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வடாத்துக்கு மேல ஆடறது எந்தக் கேசட்டுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "அவர்கிட்ட சொல்லாதே. பயந்துடுவார். நீ எப்படியாவது இதிலேர்ந்து எடுத்துண்டு வா. ஆர்ஷாக்கு வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் வேணும்" என்றாள்.

தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜுகளுக்கு நடுவில் ஷிபுவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை மாடியில் இருந்தது. அத்திம்பேரும் நானும் ஆட்டோவில் போய் இறங்கினோம். கதவு திறந்திருந்ததில் உயிர் வந்தது. உள்ளே ஷிபு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே கடையின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் மாலையும் போட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் முன்னால் ஒரு தாம்பாளத்தில் திருப்புளி, குறடு, பற்றவைக்கும் கோல் எல்லாம் பூவோடு கிடந்தன.

"சாரே, பூஜை வச்சு. நாளே வந்நால் மதி" என்றான் ஷிபு. நாளைக்கு வந்தால் போதுமாம். அத்திம்பேருக்கு மட்டும் இது நியாயமாகப் பட்டது. "நான் சொன்னேனே" என்று என்னைப் பார்த்தார். அன்றைய பேப்பர் மடிப்புக் கலையாமல் மேஜையில் கிடந்தது. ஷிபு அதையும் படிக்கவில்லை.

நான் கத்திய கத்தலில் ஷிபு இரக்கப்பட்டான். அவனிடம் வேலை பார்க்கிற செல்வின் கிறிஸ்தவன், அவனுக்குப் பூஜை கிடையாது, அவன் தொடலாம் என்றான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, செல்வின் சர்ச்சில் இருந்தான், அதிலும் பாட்டுக் குழுவில் இருந்தான். ஆராதனை முடிந்து வரும்வரை நாங்கள் காத்திருந்தோம். ஒரு சாமி முடிந்தால் இன்னொரு சாமி.

செல்வின் பாறசாலைப் பக்கத்துத் தமிழன். வெள்ளைச் சட்டையும் கையில் பைபிளுமாக வந்தான். லேப்டாப்பை மேஜையில் வைத்துக் குனிந்து பார்த்தான்.

"இதுக்க மூக்குல எல்லாம் சந்தனத்த அப்பி வச்சிருக்கே. பின்ன எப்பிடி சார் மூச்சு விடும்?"

அத்திம்பேர் தலையைக் குனிந்துகொண்டார்.

"லேப்டாப் தீந்துது. அத விட்டிருங்க. ஹார்ட் டிஸ்க்கு சாவாம கிடந்தா நீங்க வச்சிருந்ததெல்லாம் அதுக்குள்ள கிடக்கும். கழத்திப் பாக்கணும். ஷிபு அண்ணா, அந்தச் சின்ன திருப்புளி?"

ஷிபு தாம்பாளத்தைக் கண்ணால் காட்டினான். செல்வினின் திருப்புளியையும் சேர்த்தே அவன் பூஜைக்கு வைத்துவிட்டிருந்தான். செல்வின் தன் சாவிக்கொத்தை எடுத்தான். அதில் ஒரு நகவெட்டி தொங்கியது.

"நகவெட்டிய யாரும் பூஜைக்கு வைக்கல்லியே?" என்று கேட்டுவிட்டு அதன் முனையால் ஒவ்வொரு திருகாகக் கழற்றினான். கடைசியில் உள்ளிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு தகரப் பெட்டியை வெளியே எடுத்தான். இதுதானா என் அக்காவின் குரல் என்று எனக்குத் தோன்றியது.

"இதை எங்க மாட்டிப் பாக்கிறதுன்னா எல்லா கம்ப்யூட்டரும் மாலை போட்டு இருக்கு. நாளைக்கிப் பாக்கலாம். இப்பம் ஒண்ணும் சொல்லப்பிடாது சார்" என்றான். அத்திம்பேர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அதுல என் ஆத்துக்காரி பாடியிருக்கா. வேற எங்கயும் கிடையாது" என்றார். அறிவிப்புக் குரல் இல்லை, சாதாரணக் குரல். செல்வின் அவரை நிமிர்ந்து பார்த்தான். "நானும் பாடுத ஆளுதான் சார். பாத்துத் தாறேன்" என்றான்.

அவன் பார்த்துக் கொடுப்பதற்குக் கார்த்திகை மாதம் ஆகிவிட்டது. டிஸ்க் வெந்துபோயிருந்தது, கொஞ்ச நேரம் ஓடும், பிறகு கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிடும். ஆறவைத்து மறுபடி ஓட்டுவான். நடுவில் அதைக் குளிர வைத்துப் பார்க்கலாம் என்று பிளாஸ்டிக் உறையில் கட்டி அத்திம்பேரிடம் கொடுத்தனுப்பினான். அது ஒரு நாள் முழுக்க அக்காவின் பிரிட்ஜில் தயிருக்கும் தோசை மாவுக்கும் நடுவில் இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். மாவுப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆர்ஷா போன் பண்ணி, பாட்டு தயாரா என்று கேட்பாள். "தயாராயிண்டிருக்கு" என்பார் அத்திம்பேர். போனை வைத்ததும் தம்பானூருக்குக் கிளம்பிவிடுவார். அங்கே போய் எந்த உதவியும் செய்ய முடியாது. செல்வின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்தத் தகரப் பெட்டி சத்தம் போடும்போதெல்லாம் தன் நெஞ்சைத் தடவிக்கொள்வார். இளைத்தும் போனார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த நாட்களில்தான் தேய்ந்தது.

கடைசியில் ஒரு நாள் செல்வின் எல்லாவற்றையும் ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தான்.

"சார், வந்தது இவ்வளவுதான். பாதிப் பாட்டு முறிஞ்சுபோய் கிடக்கு. பேரெல்லாம் அழிஞ்சுபோச்சு, எது என்ன பாட்டுன்னு எனக்குத் தெரியாது. வீட்டுல போய் ஒவ்வொண்ணையும் முழுசாக் கேட்டு அடையாளம் வச்சிக்கிடுங்க. முழுசா, கேட்டேளா?"

அத்திம்பேர் என் வீட்டில்தான் கேட்டார், அக்காவுக்குத் தெரிய வேண்டாமென்று. பல துண்டுகள் நடுவில் ஆரம்பித்து நடுவில் முடிந்தன. ஏதோ ஒன்றைத் தட்டியபோது, "வலியசாலையிலிருந்து பேசுவது பட்டாபிராமன். இப்பொழுது ஊஞ்சல் பாட்டு. பாட இருப்பவர் திருமதி பகவதி பட்டாபிராமன்" என்று கணீரென்று வந்தது. அத்திம்பேர் என்னைக் கட்டிக்கொண்டுவிட்டார். இருப்பதிலேயே நீளமான பதிவும் அதுதான்.

"முறியாம முழுசா இருக்கு பாரு" என்றார்.

"கடைசி வரைக்கும் கேட்டுடலாமே" என்றேன்.

"கேக்க என்ன இருக்கு? என் குரல் தெளிவா இருக்கோல்லியோ? அப்போ பாட்டும் தெளிவாத்தான் இருக்கும்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். அக்கா முதல் தடவை கேட்பது கல்யாணத்தன்றைக்குத்தான் இருக்க வேண்டும், அதற்கு முன்னால் தானும் கேட்கக் கூடாது என்று வேறு ஒரு நியாயம் சொன்னார். அதில் பிரியம் இருந்ததால் நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

தை மாதம், கல்யாண மண்டபம். மாலை மாற்றி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் ஊஞ்சலில் உட்கார்ந்தார்கள். பச்சைப்பிடி சுற்றுவதற்குக் கலர் சாத உருண்டைகளோடு மாமிகள் வரிசை கட்டினார்கள். அக்கா ஊஞ்சலுக்குப் பக்கத்தில் பால் பழக் கிண்ணத்தோடு நின்றாள். மண்டபத்துக்காரன் கொடுத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு அத்திம்பேர் பட்டு வேஷ்டியில் ஜொலித்தார். சிடியைப் போட வேண்டியது என் வேலை.

"இப்பொழுது ஊஞ்சல் பாட்டு. பாட இருப்பவர் திருமதி பகவதி பட்டாபிராமன்" என்றார். நான் பொத்தானை அமுக்கினேன். ஸ்பீக்கரிலிருந்து இன்னொரு பட்டாபிராமன் அதையே மறுபடி சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள்.

பிறகு அக்கா பாடினாள். மண்டபம் அப்படியே அடங்கிவிட்டது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று; எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா தன் குரலைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டே, விரலால் கிண்ணத்தில் தாளம் போட்டாள். ஒரு சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்தின் முதல் வரி பாதியில் நின்றது.

"இருங்கோ" என்றது ஸ்பீக்கர். "குழாயில என்ன சத்தத்தையே காணும்? ஏன்னா, நீங்களா மூடினேள்?"

நான் அத்திம்பேரைத் திரும்பிப் பார்த்தேன்.

"பாட்டுல தண்ணி விழற சத்தம் கேக்கறதுன்னு குழாயை மூடினேளா? இந்தத் தெருவுக்குத் தண்ணி வரதே ஒரு வேளை. ஊருக்கெல்லாம் தண்ணி விடற ஆபீஸ்ல உத்யோகம், ஆத்துல அண்டா காலி. பாட்டை ஊத்திக் குளிக்கறதா? பாட்டை ஊத்திச் சாதம் வடிக்கறதா? போன வாரம் இப்படித்தான் குக்கர் சத்தம் விழறதுன்னு அடுப்பை அணைச்சேள். அன்னிக்கு நாம தின்னது அரிசியா சாதமான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியலை."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை மடியில் போட்டுக்கொண்டு குலுங்கினார். மாப்பிள்ளையின் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அத்திம்பேர் மைக்கோடு சிலையாக நின்றார். நான் பாய்ந்து பொத்தானுக்குக் கையை நீட்டினேன்.

"மாமா, நிறுத்தாதே" என்றாள் ஆர்ஷா ஊஞ்சலிலிருந்து. சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். "மாமா, அம்மாவே பேசறா."

ஸ்பீக்கரில் அக்கா ஓய்வதாக இல்லை. "நாளைக்குக் கொழந்தைக்குக் கல்யாணம்னு வரும். அன்னிக்கும் நீங்க இப்படித்தான் அனவுன்ஸ் பண்ணிண்டு நிப்பேள். வந்தவாளை வாங்கோன்னு கூப்பிட, இலை போட்டாச்சான்னு கேக்க, எல்லாத்துக்கும் நான்தான் தொண்டை கிழியக் கத்தணும்."

சிரிப்பு அந்த இடத்தில் நின்றுவிட்டது. எங்கள் தெருக்காரர்கள் யாரும் அக்காவை நேராகப் பார்க்கவில்லை. அந்த அமைதியில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு குழந்தைக் குரல், ஆர்ஷாவின் குரல், தெளிவாக வந்தது. "அம்மா, அப்பாவைத் திட்டினது போறும். மீதியும் பாடு."

"பாடறேன், இரு. மொதல்ல அவர் போய்க் குழாயைத் தொறக்கட்டும்."

டப்பென்று ஒரு சத்தம். பதிவு முடிந்தது.

அக்கா பால் பழக் கிண்ணத்தைப் பக்கத்து மாமியிடம் கொடுத்தாள். நடந்து வந்து அத்திம்பேர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். அதை வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டாள். பாதியில் நின்ற அந்த வரியைப் பாடினாள்.

பாடினாள் என்றா சொல்வது? சுருதி இல்லை, சுரம் இல்லை, வெறும் மூச்சு. ஆனால் அந்த மூச்சு வார்த்தை வார்த்தையாகத் தாளம் தப்பாமல் மண்டபத்தின் கடைசி நாற்காலிவரை கேட்டது. கேட்கும் என்று எங்களில் ஒருவருக்கும் இத்தனை நாளும் தோன்றவே இல்லை. அடுத்த வரிக்குத் தெரு மாமிகள் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அக்கா பாடி ஊஞ்சலாட்டியிருக்கிறாள். ராகத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், முன்னால் போய் வார்த்தையை அவள் கொடுத்தாள். ஆர்ஷா கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டு ஆடினாள். நான் வாய்விட்டு அழுதேன். அதைப் பற்றி எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

கல்யாணம் கழிந்த வாரமே அத்திம்பேர் சாலைக் கடைத்தெருவுக்குப் போய், கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன மைக்கும், அதற்கொரு ஸ்பீக்கர் பெட்டியும் வாங்கி வந்தார். பெட்டியைக் கூடத்து ஆணியில் மாட்டினார். முதல் நாள் அக்கா வெட்கப்பட்டாள். இரண்டாம் நாள் சமையலறையிலிருந்து சீரகம் எங்கே என்று கேட்டாள். மூன்றாம் நாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பாலிருந்து வந்தது, மூச்சுதான், ஆனால் எதிர் வீடுவரை கேட்கிற மூச்சு.

"ஏன்னா, குளிச்ச ஈரத்தோட கூடத்தில நிக்காதேங்கோன்னு எத்தனை தரம் சொல்றது? யார் துடைக்கறது? உங்களைத்தான் கேக்கறேன்."

கொஞ்ச நேரத்தில் அத்திம்பேர் ஈர வேஷ்டியோடு தெருவுக்கே வந்து என் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"கேட்டியோ, நீலகண்டா?" என்றார். "என்னையாக்கும் திட்டறா."